டாக்டர் இன்சுலின் எழுதிட்டாரா? முதல் ஊசியில இருந்து முதல் மாசம் வரைக்கும் என்னென்ன, எந்த வரிசையில

மதுரையில ஒரு எண்டோகிரைனாலஜிஸ்ட் (சுகர், தைராய்டு மாதிரி ஹார்மோன் கோளாறு பாக்கற டாக்டர்) மேடம் கிளினிக்ல வேலை பாக்குறேன். மேடம் சீட்டுல இன்சுலின்னு எழுதினதும் அடுத்த ரூம்ல இருக்கற என்கிட்டதான் அனுப்புவாங்க. ஊசி போடக் கத்துக் குடுக்கறதுதான் என் வேலை, பதினோரு வருஷமா இதேதான். மூணு மாசம் கழிச்சு "சுகர் குறையவே மாட்டேங்குது, டோஸை ஏத்துங்க"ன்னு வர்றவங்கள்ல நிறையப் பேருக்கு டோஸ்ல தப்பே இருக்காது, போடற விதத்துலதான் இருக்கும். அதனால ஒவ்வொண்ணையும் ஏன் அப்படிச் செய்யணும்ங்கறதோட எழுதறேன். எத்தனை யூனிட்டுங்கறது மட்டும் இதுல இருக்காது, அது உங்க டாக்டர் சொல்றது.

1. மெடிக்கல் ஷாப் கவுண்டரை விட்டு நகர்றதுக்கு முன்னாடி

மொத்த கட்டுரையில ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கறதா இருந்தா இதை வச்சுக்கோங்க.

நம்ம ஊர்ல பாட்டில்ல வர்ற இன்சுலின் பெரும்பாலும் 40 யூனிட் வகை, அதாவது ஒரு மில்லிக்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவுல (பேனா மாதிரி இருக்கற ஊசிக் கருவி) போடற கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சில புது வகை இன்சுலின் பாட்டில்லயே 100ல வருது. சிரிஞ்சும் அதே மாதிரி ரெண்டு வகை, சிவப்பு மூடி போட்டது 40க்கு, ஆரஞ்சு மூடி போட்டது 100க்கு. பாட்டில் மேல இருக்கற நம்பரும் சிரிஞ்சு மேல இருக்கற நம்பரும் ஒண்ணா இருக்கணும், அவ்வளவுதான் விஷயம், ஆனா இதுல தப்பு நடந்தா எப்படி ஆகும்னு பாருங்க. 40 பாட்டில்ல இருந்து 100 சிரிஞ்சுல "20" கோடு வரைக்கும் எடுத்தா உள்ள போறது வெறும் 8 யூனிட். அதையே மாத்தி, 100 பாட்டில்ல இருந்து சிவப்பு மூடி சிரிஞ்சுல 20 கோடு வரைக்கும் எடுத்தீங்கன்னா 50 யூனிட் போயிடும். ரெண்டரை மடங்கு. ராத்திரி தூங்கறவங்க காலையில எந்திரிக்காமப் போற அளவு.

ஒரு அம்மாவுக்கு சிங்கப்பூர்ல இருந்து பையன் பாசமா ஒரு பெட்டி நிறைய சிரிஞ்சு அனுப்பியிருந்தான், ஊசி ரொம்ப மெலிசா இருக்கு, வலிக்கவே இல்லன்னு அவங்களுக்கு ஒரே சந்தோஷம். எல்லாமே ஆரஞ்சு மூடி. ரெண்டு மாசமா 16 யூனிட்டுன்னு நினைச்சு ஆறு யூனிட் சொச்சம்தான் போட்டிருக்காங்க. சுகர் 300க்குக் கீழ இறங்கவே இல்ல. அதனால கடையிலயே, அந்த அவசரத்துலயே, ரெண்டு நம்பரையும் கடைக்காரர்கிட்ட வாய் விட்டுப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. அவர் முறைச்சாலும் பரவாயில்ல.

அதே கடையில மறக்காம வாங்க வேண்டியது: குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும், குளுக்கோஸ் பவுடர் ரெண்டு பாக்கெட் (ஒண்ணு சமையல்கட்டுல, ஒண்ணு பையில), பேனான்னா 4 மில்லிமீட்டர் நீடில். குளுக்கோஸ் வாங்காம இன்சுலினை மட்டும் வாங்கிட்டுப் போனா என்னைப் பொறுத்தவரைக்கும் பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு.

2. வீட்டுக்குப் போனதும் எங்க வைக்கறது

திறக்காத பாட்டில் ஃப்ரிட்ஜ்ல, 2 முதல் 8 டிகிரிக்குள்ள. ஃப்ரீஸர்ல கூடாது, ஃப்ரீஸரை ஒட்டின தட்டுலயும் கூடாது. ஒரு தடவை உறைஞ்சிட்டா திரும்ப உருகி பாக்கறதுக்கு நல்லா இருந்தாலும் வேலை செய்யாது, தூக்கிப் போட வேண்டியதுதான். கதவுல இருக்கற முட்டைத் தட்டு வேணாம்னு நான் சொல்றதுக்குக் காரணம், வீட்டுல நாலு பேர் நாப்பது தடவை கதவைத் திறப்பீங்க, சூடு ஏறி இறங்கிட்டே இருக்கும். நடுத் தட்டுல ஒரு டிபன் டப்பாவுக்குள்ள வைங்க.

திறந்து போட ஆரம்பிச்சதை வெளியிலயே வச்சுக்கலாம், 30 டிகிரியைத் தாண்டாத இடமா இருந்தா. சித்திரை வைகாசியில எங்க ஊர்ல அப்படி ஒரு இடமே கிடையாதுங்கறது வேற விஷயம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு, கரண்ட் அடிக்கடி போற ஊருன்னா பெரிய மண் சட்டியில ஈர மணல் போட்டு, அதுக்குள்ள சின்ன மண் கலயம், அதுக்குள்ள பிளாஸ்டிக் கவர்ல சுத்தின பாட்டில். மணல் காயாமப் பாத்துக்கோங்க, ஈரம் ஆவியாகறதுலதான் குளிர்ச்சியே. தண்ணிக்குள்ள நேரா முக்கி வைக்காதீங்க.

திறந்த தேதியை பாட்டில் மேலயே பேனாவால எழுதிடுங்க. பெரும்பாலானது நாலு வாரம்தான், உங்க பிராண்டுக்கு எத்தனைன்னு பெட்டிக்குள்ள இருக்கற தாள்ல போட்டிருக்கும். 40 வகை 10 மில்லி பாட்டில்ல 400 யூனிட், ஒருத்தர் நாளைக்கு 8 யூனிட்தான் போடறார்னா கணக்குப்படி அம்பது நாளைக்கு வரும், ஆனா மிச்சம் இருக்கேன்னு போட்டுட்டே இருந்தா கடைசி ரெண்டு மூணு வாரம் சுகர் ஏன் ஏறுதுன்னே புரியாது.

பஸ்ல போனா கைப்பையில. கார் டேஷ்போர்டுல வேணாம். பிளேன்ல போனா கையில எடுத்துட்டுப் போற பையில, கீழ லக்கேஜ்ல போட்டா குளிர்ல உறைஞ்சிடலாம்.

3. ஊசிக்கு முன்னாடி சுகர் பாக்கறது

கையை சோப்பு போட்டுக் கழுவி நல்லா தொடச்சிட்டு, விரல் நுனியோட நடுவுல குத்தாம பக்கவாட்டுல குத்துங்க. நடுவுலதான் நரம்பு நுனி அதிகம், வலிக்கும். கை கழுவறது சும்மா சுத்தத்துக்காக மட்டும் இல்லைங்க. மாம்பழம் நறுக்கின கையோட டெஸ்ட் பண்ணி மீட்டர்ல 340 காட்டி, பதறிப்போய் போன் பண்ணின தாத்தா ஒருத்தர் இருக்கார், கழுவிட்டு வந்து பாக்கச் சொன்னேன், 162.

நம்பர் 70க்குக் கீழ இருந்தா ஊசி கிடையாது. முதல்ல 7வது பகுதியில சொல்லியிருக்கறதைச் செய்யுங்க, அப்புறம் டாக்டருக்குப் போன். "நேரம் ஆச்சு, போட்டுட்டு சாப்பிட்டுக்கலாம்"ங்கறது வேணவே வேணாம்.

4. எப்போ போடறது

இங்கதான் வகை தெரிஞ்சிருக்கணும். பழைய வகை மனித இன்சுலின், 30/70 கலப்பும் (வேகமா வேலை செய்யறது 30 பங்கு, மெதுவா வேலை செய்யறது 70 பங்கு) இதுல சேத்தி, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடணும். ஏன்னா அது ரத்தத்துல ஏறவே அவ்வளவு நேரம் ஆகும், ஊசி போட்ட கையோட இட்லி சாப்பிட்டா இட்லி முந்திக்கும், சுகர் ஏறி முடிஞ்ச பிறகு மருந்து வந்து நிக்கும், அப்புறம் பதினோரு மணிக்கு லோ ஆகும், அதாவது சுகர் அளவுக்கு மீறிக் குறைஞ்சிடும். புது வகை வேக இன்சுலின் சாப்பிடப் போறதுக்கு சற்று முன்னாடி, கால் மணி நேரத்துக்குள்ள. கிளார்ஜின் மாதிரி நாள் பூரா நிக்கற வகைக்கு சாப்பாட்டோட சம்பந்தம் இல்ல, தினமும் ஒரே நேரத்துல போட்டா போதும். உங்களுது எதுன்னு சீட்டுலயே பெருசா எழுதி வாங்கிக்கோங்க.

ஊசி போட்ட பிறகு சமைக்க ஆரம்பிக்கறது பெரிய தப்பு. இட்லி வெந்து தட்டுக்கு வர்ற நிலைமையில இருக்கணும், அப்பதான் ஊசி. போட்டதும் வாசல்ல யாரோ வந்துட்டாங்க, கேஸ் தீந்துபோச்சு, இந்தக் கதை எல்லாம் கேட்டு அலுத்துட்டேன்.

தைராய்டு மாத்திரையும் போடறவங்களுக்கு (சுகரோட தைராய்டும் சேந்து வர்றவங்க நிறைய) காலை நேரம் ரொம்பக் குழப்பம். நான் எழுதிக் குடுக்கற வரிசை இது. அஞ்சரைக்கு எந்திரிச்சதும் தைராய்டு மாத்திரை, வெறும் வயித்துல, வெறும் தண்ணியோட. ஆறரைக்கு சுகர் டெஸ்ட். அடுத்து 30/70 ஊசி. ஏழு மணிக்கு டிபன், டிபனோடயே காபி. காபியை முன்னாடி இழுக்காதீங்க, அது தைராய்டு மாத்திரை உடம்புல சேர்றதையும் கெடுக்கும், போட்டிருக்கற பாலும் சீனியும் வெறும் வயித்து சுகர் நம்பரையும் கெடுக்கும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை இருந்தா தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம் தள்ளி.

5. மருந்தை எடுக்கறது

கலங்கலா இருக்கற வகைன்னா முதல்ல அதைக் கலக்கணும். குலுக்கக் கூடாது, நுரை வந்துடும். ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு பத்து தடவை உருட்டி, பத்து தடவை தலைகீழாக் கவுத்து நிமித்துங்க. எல்லாம் ஒரே மாதிரி பால் வெள்ளையா வரணும். கலக்காமப் போட்டா இன்னைக்கு மேல இருக்கற தெளிவு, நாளைக்கு அடியில தங்கின வெள்ளைன்னு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மருந்து போகும், நோட்டுல நம்பர் எகிறிக் குதிக்கும். கலக்கியும் திட்டுத்திட்டா நின்னா அந்த பாட்டில் போச்சு. தெளிவா இருக்க வேண்டிய வகை கலங்கிப் போனாலும் அதே கதிதான்.

பாட்டில்ல இருந்து எடுக்கறவங்களுக்கு: 16 யூனிட் வேணும்னா முதல்ல 16 கோடு வரைக்கும் வெறும் காத்தை இழுத்து பாட்டிலுக்குள்ள தள்ளுங்க. இதை விட்டுட்டா பாட்டிலுக்குள்ள காத்து குறைஞ்சு குறைஞ்சு ஒரு வாரத்துல மருந்து இழுக்கவே வராது. அப்புறம் பாட்டிலைத் தலைகீழாப் பிடிச்சு 20 வரைக்கும் இழுத்து, சிரிஞ்சை விரலால சுண்டி, குமிழி மேல வந்ததும் 16க்குத் திரும்பத் தள்ளுங்க. குமிழி உடம்புக்குள்ள போனா உசுருக்கு ஆபத்துன்னு பயப்படறாங்க, தோலுக்கு அடியில போடற ஊசியில அது ஒண்ணும் பண்ணாது, ஆனா குமிழி இருக்கற இடத்துல மருந்து இல்லையே, டோஸ் குறையும்.

பேனா வச்சிருக்கறவங்களுக்கு: புது நீடிலை நேரா வச்சுத் திருகுங்க. நீடிலுக்கு ரெண்டு மூடி இருக்கு. வெளியில பெருசு ஒண்ணு, உள்ள சின்னதா ஒண்ணு. ரெண்டையும் கழட்டணும். சிரிக்காதீங்க, மேலூர் பக்கத்துல இருந்து வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் பதினோரு நாள் உள் மூடியைக் கழட்டாமலே தொப்பையில வச்சு அழுத்தியிருக்கார். "வலியே இல்ல, அருமையான ஊசி"ன்னு சர்டிபிகேட் வேற. சட்டையைத் தூக்கிப் பாத்தா குத்தின அடையாளம் ஒண்ணு இல்ல, வேட்டி ஓரத்துல மட்டும் இன்சுலின் வாசனை, அந்த ஆஸ்பத்திரி டெட்டால் மாதிரி இருக்குமே, அது.

இதைக் கண்டுபிடிக்கறதுக்குத்தான் அடுத்த படி. ஒவ்வொரு தடவையும் டயலை 2 யூனிட் வச்சு, நீடிலை மேல பாத்துப் பிடிச்சு அழுத்துங்க. நுனியில ஒரு சொட்டு வரணும். வரலைன்னா திரும்ப. சொட்டு வந்த பிறகுதான் உங்க டோஸை டயல்ல வைக்கணும். 2 யூனிட் வேஸ்ட்டாகுதேன்னு இதை விடறவங்க ஜாஸ்தி, ஆனா நீடில் அடைச்சிருக்கா, காத்து இருக்கா, மூடி கழட்டியாச்சா மூணும் இந்த ஒரு சொட்டுல தெரிஞ்சுடும்.

6. எங்க குத்தறது, எப்படிக் குத்தறது

வயிறு (தொப்புளைச் சுத்தி ரெண்டு விரக்கடை விட்டுட்டு), தொடையோட வெளிப்பக்கம், மேல்கையோட பின்பக்கம், பிட்டத்தோட மேல்பகுதி. வயித்துல போட்டா சீக்கிரம் ஏறும், தொடையில மெதுவா ஏறும், அதனால காலை ஊசி எப்பவும் வயிறுன்னா வயிறாவே இருக்கட்டும். காலையில வயிறு, நாளைக் காலையில தொடைன்னு மாத்திட்டே இருந்தா நம்பர் ஆடும். இடத்தை மாத்தக் கூடாது, ஆனா அந்த இடத்துக்குள்ள புள்ளியை தினமும் மாத்தணும். வயித்தை நாலு கட்டமாப் பிரிச்சு வாரத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள்ள நேத்து குத்தினதுல இருந்து ஒரு விரல் தள்ளி.

4 மில்லிமீட்டர் நீடில்னா நேராக் குத்தலாம், பெரும்பாலானவங்களுக்கு தோலை மடிக்கத் தேவையில்ல. சிரிஞ்சுல ஊசி நீளம், அதனால கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வச்சு தோலை மெதுவா மடிச்சுப் பிடிச்சுக் குத்துங்க, இல்லைன்னா சதைக்குள்ள போயிடும், அங்க போனா மருந்து படக்குன்னு ஏறி லோ ஆகும். ஒல்லியானவங்க இதுல ரொம்ப ஜாக்கிரதை. ஸ்பிரிட் தொட்டா அது காயற வரைக்கும் நில்லுங்க, ஈரத்துல குத்தினாத்தான் எரியும். குளிச்சு சுத்தமா இருந்தா ஸ்பிரிட்டே அவசியமில்ல.

அழுத்தி முடிச்சதும் உடனே உருவாதீங்க. ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் எண்ணுங்க, பேனாவுல இது கட்டாயம். சீக்கிரம் உருவினா மருந்து தோல் மேலயே சொட்டிடும். எடுத்த பிறகு தேய்க்கக் கூடாது.

இப்ப கட்டி விஷயம். எல்லாரும் ஒரே இடத்துல போடறதுக்குக் காரணம் அங்க வலிக்காது. வலிக்காததுக்குக் காரணம் அங்க கொழுப்புக் கட்டி உருவாகிடுச்சு. அந்தக் கட்டிக்குள்ள போற இன்சுலின் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. வாரத்துக்கு ஒரு தடவை குளிக்கும்போது சோப்புக் கையால வயித்தைத் தடவிப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். கட்டி இருந்தா அந்த இடத்துக்கு லீவு விடுங்க, கரையறதுக்கு மாசக்கணக்கு ஆகும். ஆனா இடத்தை மாத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லிடணும். கட்டிக்குள்ள போட்டுப் போட்டு 40 யூனிட்டுக்கு ஏத்தி வச்சிருப்பீங்க, அதே 40ஐ நல்ல தோல்ல போட்டா முழுசா வேலை செஞ்சு சுகர் தரையில விழும். எங்க மேடம் இடம் மாத்தும்போதே டோஸைக் குறைச்சுத்தான் குடுப்பாங்க.

7. லோ சுகர் வந்தா

வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடப்பு, திடீர்னு பசி, சில பேருக்கு காரணமே இல்லாம எரிச்சல். வீட்டுக்காரர் ஒரு நாளும் இல்லாம சண்டை போட்டா முதல்ல சுகரைப் பாருங்க. பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை போடறவங்களுக்கு படபடப்பு தெரியாமப் போகலாம், வேர்வை மட்டும்தான் வரும்.

70க்குக் கீழன்னா குளுக்கோஸ் பவுடர் மூணு டீஸ்பூன் தண்ணியில கலக்கிக் குடிங்க, கிட்டத்தட்ட 15 கிராம். 15 நிமிஷம் கழிச்சுத் திரும்ப டெஸ்ட். இன்னும் ஏறலைன்னா இன்னொரு தடவை. ஏறினதும் அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தா ரெண்டு பிஸ்கட்டோ ஒரு இட்லியோ சாப்பிடுங்க. சாக்லேட் வேணாம், அதுல இருக்கற கொழுப்பு சர்க்கரையை மெதுவா விடும். அந்த 15 நிமிஷம் பொறுக்காம சீனி, வாழைப்பழம், லட்டுன்னு கையில கிடைச்சதை எல்லாம் போட்டுத் தள்ளி ரெண்டு மணி நேரத்துல 350க்குப் போறதும் நடக்குது.

சீனி இருக்கே, குளுக்கோஸ் எதுக்குன்னு கேப்பாங்க. வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரை போடறவங்களுக்கு சீனி வேலைக்கு ஆகாது, ஏன்னா சீனியை உடைக்கறதையே அந்த மாத்திரை தடுத்து வச்சிருக்கும். குளுக்கோஸ் நேரா ஏறும். நினைவு தப்பிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு 108.

8. முதல் மாசத்து நோட்டு

ஒரு ரூல்டு நோட்டு. தேதி, நேரம், சுகர், யூனிட், என்ன சாப்பிட்டீங்க. தினமும் ஏழு தடவை குத்திக்கச் சொல்லல, வெறும் வயித்துல தினமும், சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாரத்துல ரெண்டு மூணு நாள் வேற வேற வேளைக்கு. டாக்டர் வேற மாதிரி சொன்னா அதுதான். நிஜ நம்பரை எழுதுங்க, விசிட்டுக்கு முந்தின நாள் ராத்திரி உக்காந்து 120, 130, 125ன்னு ஒரே பேனாவுல எழுதிட்டு வர்ற நோட்டு எங்களுக்குப் பாத்ததும் தெரியும்.

காலை சுகர் ஏறியே இருந்தா நீங்களா ராத்திரி டோஸைக் கூட்டாதீங்க. ரெண்டு மூணு நாள் ராத்திரி 3 மணிக்கு அலாரம் வச்சுப் பாருங்க. விடியற நேரத்துல கார்டிசால் மாதிரி ஹார்மோன்கள் தானா ஏறும், அதுல சுகரும் ஏறும். அப்படின்னா 3 மணி நம்பர் சாதாரணமா இருந்து காலையில ஏறியிருக்கும். 3 மணிக்கே 60ன்னு காட்டினா கதை வேற, அங்க ராத்திரி டோஸைக் கூட்டினா ஆள் தூக்கத்துலயே மயங்கிடலாம். இந்த ரெண்டையும் காலை நம்பரை மட்டும் வச்சுப் பிரிக்க முடியாது.

ஒரு வேளை மறந்துட்டா அடுத்த வேளைக்கு ரெட்டிப்பாப் போடக் கூடாது. போட்டேனா இல்லையான்னே சந்தேகமா? போட்டதா வச்சுக்கோங்க, சுகரை மட்டும் பாத்துட்டே இருங்க.

9. காய்ச்சல், வாந்தி, விரதம்

காய்ச்சல்ல சாப்பிடவே முடியல, அதனால ஊசியை நிறுத்திட்டோம்னு வருவாங்க, 450ல. உடம்பு சரியில்லாதப்போ சாப்பிடாமலே சுகர் ஏறும். டோஸைக் குறைக்கணுமா கூட்டணுமான்னு போன் பண்ணிக் கேளுங்க, தானா நிறுத்தாதீங்க. டைப் 1 (உடம்பு தானா இன்சுலின் சுரக்காத வகை) உள்ளவங்க எந்தக் காரணத்துக்கும் இன்சுலினை மொத்தமா நிறுத்தவே கூடாது. வாந்தி நிக்கலைன்னா, மூச்சு வாங்கினா, நேரா ஆஸ்பத்திரி. மூட்டு வலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு எழுதினா, எழுதற டாக்டர்கிட்ட இன்சுலின் போடறதைச் சொல்லிடுங்க, முக்கியமா மதியத்துக்கு மேல சுகர் எகிறும். சஷ்டி விரதமோ ரம்ஜான் நோன்போ, ஆரம்பிக்கறதுக்கு சில வாரம் முன்னாடியே வந்து டோஸை மாத்தி வாங்கிக்கோங்க, முந்தின நாள் வந்தா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது.

10. போட்ட ஊசியை என்ன பண்றது

ஒரு ஊசி ஒரு தடவைக்குத்தான். திரும்பத் திரும்பப் போட்டா முனை மழுங்கும், வலிக்கும், கட்டியும் சீக்கிரம் வரும். பேனாவுல நீடிலை மாட்டியே வைக்காதீங்க, காத்து உள்ள போகும், மருந்து வெளிய ஒழுகும்.

குப்பைக் கவர்ல வெறுமனே போடாதீங்க, காலையில கையால பிரிக்கற அக்காவுக்குத்தான் அது குத்தும். ஃபினாயில் பாட்டில், துணி லிக்விட் பாட்டில் மாதிரி கெட்டியான பிளாஸ்டிக்கா ஒண்ணு எடுத்து மேல "ஊசி"ன்னு எழுதி வச்சு, முக்கால்வாசி நிறைஞ்சதும் மூடியை டேப் போட்டு சுத்தி நீங்க பாக்கற கிளினிக்லயே குடுத்துடுங்க. தண்ணி பாட்டில் வேணாம், அதை ஊசி குத்தித் துளைச்சிடும், குழந்தைங்க தண்ணின்னு நினைச்சு எடுக்கவும் எடுக்கும்.